சத்தம் போட்டா தூக்கிப் போட்டுடணுமா?

"ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாங்க."

அமெரிக்காவுல இருக்கற நம்ம மக்கள் அடிக்கடி சொல்ற வாக்கியங்கள்னு ஒரு பட்டியல் போட்டா, இதுக்கு நிச்சயம் மூணாவது இடம் கிடைக்கும். முதல் ரெண்டு, "இந்த வருஷம் ஊருக்குப் போகணும்", "காஸ்ட்கோ வரைக்கும் போயிட்டு வந்துடறேன்". அந்த ரெண்டுலயும் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்ல. இந்த மூணாவது மேலதான் கடுப்பு. டிவிக்கு சொல்றோம், வாஷிங் மெஷினுக்கு சொல்றோம். எல்லாத்துக்கும் மேல டிஷ்வாஷருக்கு சொல்றோம். அதுவும் எப்போ? அது நின்னு போனப்பவா? இல்லீங்க. நல்லா ஓடிட்டு இருக்கும், பாத்திரமும் பளிச்சுன்னு கழுவும், ஆனா ஒரு புது சத்தம் வரும். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதிடுவோம்.

சத்தம்கறது சாவு மணி இல்ல. அது பிராது. மெஷின் தனக்குத் தெரிஞ்ச ஒரே பாஷையில, "எனக்கு இந்த இடத்துல வலிக்குது"ன்னு சொல்லுது. அதைக் கேக்காம தூக்கிப் போடச் சொல்றவன் வியாபாரி. அவன் பொழப்பு அது. கேக்காம தூக்கிப் போடற நாம யாரு? இந்தப் பதிவு அந்தக் கேள்விக்குத்தான்.

நம்மள்ல பாதிப் பேருக்கு மேல மென்பொருள் ஆணி புடுங்கற கூட்டம். யாராவது "வேலை செய்யல, சரி பண்ணு"ன்னு ஒத்தை வரியில பக் ரிப்போர்ட் போட்டா நமக்கு எவ்வளவு கோவம் வரும்? எப்ப வருது, எந்த ஸ்க்ரீன்ல வருது, திரும்ப வரவழைக்க முடியுமா, லாக் எங்கேன்னு ஆயிரம் கேள்வி கேப்போம். ஆனா சர்வீஸ் கம்பெனிக்கு போன் பண்ணி நாம சொல்றது என்ன? "மெஷின் சத்தம் போடுது." அவ்வளவுதான். நாள் பூரா ஆணி புடுங்கறோம், வீட்ல நாலு ஸ்க்ரூ கழட்டிப் பாக்க மாட்டோம். என்ன கொடுமை சார் இது!

ஊர் ஞாபகம் இருக்கா? அடுத்த ரூம்ல உக்காந்து பூத்தொடுத்துட்டு இருக்கற அம்மா, மிக்ஸி சத்தம் மாறினதும், "கப்ளர் போயிடுச்சுடா, நிறுத்து"ன்னு குரல் கொடுப்பாங்க. கிரைண்டர் கல்லு சுத்தறது மந்தமானா "பெல்ட் லூசாயிடுச்சு"ம்பாங்க. குக்கர் விசில் வராம புஸ்ஸுனு காத்து போனா கேஸ்கட். இதுக்கெல்லாம் அவங்க எந்தக் காலேஜுக்கும் போகல. காது இருந்தது, கேட்டாங்க. நமக்கு டிகிரி கிடைச்சுது, காது போயிடுச்சு.

இந்த மெஷினோட கதையே கூட, 'இது என் வேலை இல்ல'ன்னு ஒதுங்காத ஒரு அம்மாவோட கதைதான். இல்லினாய்ல ஷெல்பிவில்ங்கற ஊர்ல ஜோசஃபின் காக்ரன்னு ஒருத்தங்க, வீட்டுக்குப் பின்னாடி இருந்த கொட்டகையில ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வெச்சுக்கிட்டு இதைக் கட்டினாங்க. 1886 டிசம்பர்ல காப்புரிமை வாங்கினாங்க. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில அந்த மெஷின் ஓடுச்சு. இவங்களும் எந்த இஞ்சினியரிங் காலேஜுக்கும் போனவங்க இல்ல.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு டிஷ்வாஷருக்குள்ள சத்தம் போடக்கூடிய சாமான் எத்தனைன்னு நினைக்கறீங்க? கை விரல் போதும். தண்ணி உள்ள வர்ற வால்வு, தண்ணியைச் சுழற்றி அடிக்கிற பம்பு, சுத்தற ஸ்ப்ரே கை, அழுக்குத் தண்ணிய வெளிய தள்ற சின்ன பம்பு, சில மாடல்ல காய வைக்கற ஃபேன். அவ்வளவுதான். இது எல்லாமும் ஒரே நேரத்துல ஓடாது. அதனால முதல் கேள்வி 'என்ன சத்தம்'ங்கறது இல்ல, 'எப்ப சத்தம்'ங்கறதுதான். ஒரு தடவை மெஷினை ஓட விட்டு, பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து கேளுங்க. அதுலயே பாதி துப்பு துலங்கிடும்.

மீதிப் பாதிக்கு நம்ம தமிழ் இருக்கு. ஆங்கிலத்துல போன் போட்டு ஒத்தை வார்த்தையில 'நாய்ஸ்'னு சொல்லிட்டு நிக்கற நம்மகிட்ட கடகட, நறநற, உய்ங், கீச், டொக் டொக்னு எத்தனை கைவசம் இருக்கு! பள்ளிக்கூடத்துல இரட்டைக்கிளவி படிச்சது அஞ்சு மார்க்குக்கு மட்டும்தானா? வரிசையாப் பாப்போம்.

1. தண்ணி நிரம்பும்போது: "ஸ்ஸ்"னு ஒரு சீறல் இயல்பு. அதுவே "டர்ர்ர்"னு அதிர்ந்தா, முதல்ல சிங்க்குக்கு அடியில இருக்கற குழாய் வால்வு முழுசாத் திறந்திருக்கான்னு பாருங்க. திறந்திருந்தா, மெஷினோட இன்லெட் வால்வுல அழுக்கு அடைச்சிருக்கலாம், இல்ல அதுக்கு வயசாயிருக்கலாம். தண்ணி நிக்கற நொடியில மட்டும் சுவருக்குள்ள "டம்"முனு ஒரு இடி கேட்டா, ஓடற தண்ணி சட்டுனு நின்னு குழாயை உதைக்குது. அது மெஷினோட ஆயுசு முடிஞ்சதுக்கு அடையாளம் இல்ல.

2. கழுவும்போது "டொக்... டொக்... டொக்"னு தாளம் தப்பாம: ஸ்ப்ரே கை எதையோ தட்டுது. நீளமான கரண்டியோ, உயரமான தட்டோ. கையால ஒரு சுத்து சுத்திப் பாருங்க, எங்க இடிக்குதுன்னு கண்ணுக்கே தெரியும். செலவு: பூஜ்யம்.

3. கழுவும்போது "நறநற": பம்புக்குள்ள கெட்டியா ஏதோ போயிருக்கு. உடைஞ்ச கண்ணாடி, எலும்பு, கொட்டை. பழைய அமெரிக்க மாடல் பலதுல மிச்சம் மீதியை அரைச்சுத் தள்ற பிளேடு ஒண்ணு உண்டு. அது இயல்பாவே கொஞ்சம் கத்தும். ஃபில்டரை நாமளே கழட்டிக் கழுவற மாடல்கள்ல பெரும்பாலும் அந்த பிளேடு கிடையாது, அதனாலதான் அதுங்க அமைதி. அந்த அமைதிக்கு விலை, ஃபில்டரை அப்பப்பக் கழுவறது.

4. கழுவும்போது "கீச்ச்ச்"னு விடாம: பம்பு மோட்டார் பேரிங், இல்ல காஞ்சு போன சீல். இது ஒண்ணுதான் நிஜமாவே கவலைப்பட வேண்டிய சத்தம்.

5. தண்ணி வெளிய போகும்போது "கடகட" இல்ல வெறும் "உய்ங்": வெளியேத்தற பம்போட விசிறியில ஏதோ சிக்கியிருக்கு. தண்ணி ஒழுங்காப் போகுது, ஆனா "தடதட"ன்னா, கழிவு ஹோஸ் மரப்பலகையைத் தட்டிட்டு இருக்கலாம். அதுக்குத் துண்டு ஸ்பாஞ்ச் போதும்.

6. எப்பவுமே ஒரு அதிர்வு: மெஷினை மேல கல்லுலயோ பக்கத்துப் பலகையிலயோ பிடிச்சு வெச்சிருக்கற ஸ்க்ரூ லூசு, இல்ல நாலு காலும் மட்டமா இல்ல. இப்ப வர்ற மாடல்கள் பெரும்பாலும் 40லேருந்து 50 டெசிபலுக்குள்ள. 10 டெசிபல் ஏறினா காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கா கேக்கும். ஸ்டிக்கர்ல இருக்கற கணக்கு, ஒழுங்காப் பொருத்தின மெஷினுக்கு. லூசா நிக்கற மெஷினுக்கு இல்ல.

இந்த ஆறுல எத்தனைக்குப் புது மெஷின் வேணும்? நாலாவதுக்கு, அதுவும் சில சமயம். மத்த அஞ்சும் முழுக்க முழுக்க வீட்டு வேலை.

நம்ம வீட்டு மெஷின்களுக்குன்னே ரெண்டு விசேஷம் உண்டு. எந்த மேனுவல்லயும் எழுதியிருக்காது. ஒண்ணு, நம்ம சமையல். கறிவேப்பிலை காம்பு, முருங்கைக்காய் சக்கை, புளி நாரு, எலுமிச்சை விதை, கடுகு. அந்த ஃபில்டரைச் செஞ்சவரு இதையெல்லாம் ஆயுசுல பாத்திருக்க மாட்டார். ரெண்டாவது, நம்மள்ல நிறைய பேருக்கு டிஷ்வாஷர்னா கையால கழுவின பாத்திரத்தைக் கவுத்து வெக்கற அலமாரி. சிரிக்காதீங்க, உங்க வீட்டைப் போய்ப் பாருங்க :) அடியில இருக்கற குழியில எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கறது கோளாறு இல்ல, சீல் காயாம இருக்கத்தான். மாசக்கணக்கா ஓட்டாம வெச்சா அந்தத் தண்ணி வத்தும், சீல் காயும், பம்பு இறுகும். அப்புறம் தீபாவளிக்கு முப்பது பேர் சாப்பிட்ட அன்னிக்கு ஓட்டினா அலறத்தான் செய்யும்.

போன வருஷம் நியூஜெர்சியில ஒரு நண்பர் வீட்ல நடந்தது. மெஷினுக்கு வயசு ஆறு. தண்ணி வெளிய போறப்ப மட்டும் கடகட. சர்வீஸ் கம்பெனிக்கு போன் போட்டாங்க. வந்து பாக்கவே 95 டாலர். வந்தவர் எட்டு நிமிஷம் நின்னார். கீழ் ட்ரேயைக்கூட வெளிய எடுக்கல. "மோட்டார் போச்சு. மாத்தினா நானூறு சொச்சம், அதுக்கு நீங்க புதுசே வாங்கிடலாம்"னு சொல்லிட்டு ரசீது கொடுத்துட்டுப் போயிட்டார். நண்பர் கடையில எந்த மாடல் தள்ளுபடின்னு பாத்துட்டு இருந்தப்பதான் எனக்கு போன் வந்தது.

நான் கேட்டது ஒரே கேள்வி. "எப்ப சத்தம்?"

பிரேக்கரை ஆஃப் பண்ணினோம். தண்ணி வால்வை மூடினோம். கீழ் ட்ரேயை எடுத்தோம். ஃபில்டரைத் திருப்பிக் கழட்டலாம்னு கை வெச்சா, அது திருப்பாமலே கையோட வந்துடுச்சு. பூட்டியே இல்ல. (அதைக் கடைசியாக் கழட்டினது யாருன்னு அந்த வீட்ல இன்னிக்கு வரைக்கும் பட்டிமன்றம் ஓடுது, நடுவர் யாரும் தீர்ப்பு சொல்லத் தயாரா இல்ல.) குழியில நின்ன தண்ணியை ஸ்பாஞ்சால ஒத்தி எடுத்தோம். அந்த மாடல்ல பம்புக்கு மேல ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி, ஸ்பூன் காம்பால நெம்பினா வந்துடும். டார்ச் அடிச்சுப் பாத்தா, விசிறிக்குப் பக்கத்துல...

ஒரு புளியங்கொட்டை.

எத்தனை தடவை கழுவி எடுத்துச்சோ தெரியல, விளம்பரத்துல வர்ற ஸ்பூன் மாதிரி மினுங்கிட்டு இருந்துச்சு. இடுக்கியால எடுத்தோம், விசிறியை ஒரு குச்சியால சுத்திப் பாத்தோம், மூடியை அழுத்தினோம், ஃபில்டரை 'டிக்'னு கேக்கற வரைக்கும் பூட்டினோம். நடுவுல காபி குடிச்சதையும் சேத்து நாப்பது நிமிஷம். செலவு ஒண்ணுமில்ல. மெஷின் இன்னிக்கும் ஓடுது.

வந்த அந்த ஆளைத் திட்ட எனக்கு மனசில்ல. அவருக்கு அன்னிக்கு இன்னும் எத்தனை வீடோ. ஆனா ஒரு விஷயம். 95 டாலர் வாங்கினது எதுக்கு? நோய் கண்டுபிடிக்க. கண்டுபிடிக்காமலே ஈமச் சடங்குக்குத் தேதி குறிச்சுக் கொடுத்திருக்கு அந்தக் கம்பெனி. ஏறக்குறைய நாப்பது கிலோ இரும்பும் பிளாஸ்டிக்கும் ஒரு புளியங்கொட்டைக்காகக் குப்பைக்குப் போயிருக்கும். இப்படி எத்தனை வீட்டுத் தெருவோரத்துல 'வேலை செய்யுது, சத்தம் மட்டும்' மெஷின்கள் நிக்குதோ!

இன்னொரு கூத்து கேளுங்க. பல அமெரிக்க மாடல்கள்ல, தரையை ஒட்டி இருக்கற முன் தகட்டைக் கழட்டினா உள்ள ஒரு காகிதம் மடிச்சு வெச்சிருக்கும். மின் இணைப்புப் படம், எர்ரர் கோடுகளுக்கு அர்த்தம், எந்த பார்ட்டுக்கு எவ்வளவு ஓம்ஸ் காட்டணும், எந்த பட்டனை எந்த வரிசையில அழுத்தினா சோதனை ஓட்டம் ஓடும், எல்லாம் அதுல. யாருக்கு? டெக்னீஷியனுக்கு. உங்க காசுல வாங்கின மெஷினோட ஜாதகம் உங்க வீட்லயே, உங்க கால்கிட்டயே இருக்கு. உங்ககிட்ட சொல்ல மட்டும் மாட்டாங்க. உங்க கையில கொடுத்த மேனுவல்ல முக்கால்வாசி, "குழந்தைகளை உள்ளே ஏற விடாதீர்கள்".

சட்டம் என்ன சொல்லுது? இங்க 1975ல வந்த மாக்னசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, வேற கம்பெனி பார்ட் போட்டீங்க, வெளி ஆளை வெச்சு ரிப்பேர் பண்ணீங்கங்கற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து பண்ண முடியாது. (நீங்க எதையாவது உடைச்சா அது வேற கணக்கு.) அப்படி மிரட்டிட்டு இருந்த ஆறு கம்பெனிகளுக்கு 2018ல மத்திய வர்த்தக ஆணையம் எச்சரிக்கைக் கடிதமே அனுப்புச்சு. மின்னசோட்டாவும் கலிஃபோர்னியாவும் 2023ல ரிப்பேர் உரிமைச் சட்டம் போட்டாங்க. ரெண்டும் 2024 ஜூலை 1லேருந்து அமல், ரெண்டுலயும் வீட்டு உபயோக மெஷின்கள் உண்டு. கலிஃபோர்னியாவுல 100 டாலருக்கு மேற்பட்ட பொருளுக்கு, கடைசியாத் தயாரிச்ச நாள்லேருந்து ஏழு வருஷம் பார்ட்டும் விவரமும் கொடுத்தாகணும், உரிமையாளருக்கும் சேத்து.

ஐரோப்பாவுல இன்னும் முன்னாடியே, 2021 மார்ச்லேருந்து டிஷ்வாஷருக்குன்னே விதி இருக்கு. பார்ட் கேட்டா 15 வேலை நாளுக்குள்ள அனுப்பணும். நல்ல விதிதான். ஆனா உள்ள போய்ப் பாத்தா ஒரு தீண்டாமை. சீல், ஸ்ப்ரே கை, கூடை, ஃபில்டர் இதெல்லாம் யார் வேணா வாங்கலாம், பத்து வருஷம். பம்பு, மோட்டார், போர்டு இதெல்லாம் தொழில்முறை ரிப்பேர்காரங்களுக்கு மட்டும்தான் கட்டாயம், ஏழு வருஷம். அதாவது உங்க கைக்குக் கூடை போதும், பம்பைத் தொட உங்களுக்குத் தகுதி இல்லன்னு சட்டமே நினைக்குது. வெளியேத்தற பம்பு பல மாடல்ல ஒரு திருப்பு திருப்பினா கழண்டு வரும், ஒரே ஒரு ஒயர் பிளக். மிக்ஸி ஜார் பிளேடு மாத்தறதை விடப் பெரிய வித்தை இல்ல அது.

நம்ம ஊர்லயும் இது இனிமே வெளிநாட்டுக் கதை இல்ல. 2020 ஊரடங்குல வீட்டு வேலைக்கு வர்றவங்க வர முடியாம போனப்ப டிஷ்வாஷர் விற்பனை எகிறுச்சு. அப்ப வாங்கின மெஷின்கள் எல்லாம் இப்பதான் கத்த ஆரம்பிக்கற வயசு. மத்திய அரசு 2022 டிசம்பர்ல ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் தொடங்குச்சு. ஆனா இணையதளம் வேற, சட்டம் வேற. சென்னை, கோவை பதிவர்களே, அந்த வித்தியாசத்தைக் கேட்டு எழுதுங்க.

இனி வழக்கமான எதிர்வாதங்கள்.

"என் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சம்பளம் தெரியுமா?" தெரியும். அந்த ரேட்ல கணக்குப் போட்டா நீங்க நேத்து ராத்திரி மூணு மணி நேரம் மொக்கைப் படம் பாத்ததுக்கு என்ன பில்லு வரும்? சனிக்கிழமை கடை கடையா ஏறி மாடல் பாக்கறது, டெலிவரிக்காக லீவு போட்டு உக்காந்திருக்கறது, இதெல்லாம் எந்தக் கணக்குல வருது?

"புது மெஷின் தண்ணி மிச்சம் பண்ணும்." 1994க்கு முந்தின மெஷின்னா ஒத்துக்கறேன், மாத்துங்க. ஆனா 2013 மே மாசத்துக்கு அப்புறம் அமெரிக்காவுல தயாரிச்ச முழு அளவு மெஷின் ஒரு தடவைக்கு 5 கேலனுக்கு மேல எடுக்கக்கூடாதுன்னு விதி. எனர்ஜி ஸ்டார் மெஷின் 3.2 கேலனுக்குள்ள. வித்தியாசம் 1.8 கேலன், அதாவது ஏழு லிட்டருக்கும் குறைவு. இந்த ஏழு லிட்டருக்காக நாப்பது கிலோ மெஷினைப் புதைக்கப் போறீங்களா?

"ஷாக் அடிக்கும், ஆபத்து." இது நியாயமான பயம். அதனால பிரேக்கரை ஆஃப் பண்ணாம ஒரு ஸ்க்ரூ கூடத் தொடாதீங்க. பட்டன்ல ஆஃப் பண்றது ஆஃப் இல்ல. கண்ணாடி உடைஞ்சிருந்தா குழிக்குள்ள வெறுங்கையை விடாதீங்க, இடுக்கி வெச்சுக்கோங்க. மின்சார போர்டு, சூடாக்கற பார்ட், இதெல்லாம் தெரிஞ்சவங்க செய்யட்டும். தொட்டி ஓட்டை, துருப்பிடிச்சுப் போன அடித்தகடு, பன்னெண்டு வருஷ மெஷின்ல பெரிய பம்பு போச்சுன்னா, தாராளமா மாத்துங்க, நானே கடைக்குக் கூட வர்றேன். எல்லாத்தையும் நீங்களே செய்யணும்னு சொல்லல. என்னன்னு தெரிஞ்சுக்காம முடிவு எடுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

யாரும் வாய் விட்டுச் சொல்லாத நாலாவது வாதம் ஒண்ணு இருக்கு. "இதெல்லாம் நாம செய்யற வேலையா?" கையில கிரீஸ் படற வேலைக்கு 'ஆள்' வேணும்கற நினைப்பு. அதை நாம ஊர்லேருந்து ஊறுகாய் பாட்டிலோட சேத்துப் பெட்டியில கட்டி எடுத்துட்டு வந்தோம். கஸ்டம்ஸ்ல ஊறுகாயைப் பிடிச்சாங்க, இதை விட்டுட்டாங்க. படிச்சவன் குனியக்கூடாது, குனியறவன் படிக்காதவன். இந்தக் கணக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல. சமத்துவம் பத்தி விடிய விடியப் பதிவு எழுதற நமக்கு, ஒரு ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க இவ்வளவு கூச்சம்னா, கோளாறு மெஷின்ல இல்லீங்க.

கடைசியா ஒண்ணு. வீட்ல யார் பாத்திரம் அடுக்கறாங்களோ அவங்களுக்குத்தான் சத்தம் மாறினது முதல்ல தெரியும். நம்ம வீடுகள்ல அது பெரும்பாலும் தங்கமணிகள். "ஒரு வாரமா ஒரு மாதிரி சத்தம் வருது"ன்னு அவங்க சொன்னா, "ம்ம்"னு தலையைத் தூக்காம லேப்டாப்பைத் தட்டாதீங்க ரங்கமணிகளே. அது புலம்பல் இல்ல. நோய் கண்டுபிடிச்சாச்சுன்னு அர்த்தம். "எப்ப வருது?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. 95 டாலர் மிச்சம்.

டிஸ்கி: உங்க மெஷின் என்ன சத்தம் போடுதுன்னு பின்னூட்டத்துல சுத்தத் தமிழ் இரட்டைக்கிளவியில எழுதுங்க, எப்ப வருதுங்கறதையும் சேத்து. தெரிஞ்சவங்க பதில் சொல்லுவாங்க, தெரியலன்னா சேர்ந்து தேடுவோம். "புதுசு வாங்கிடுங்க"ன்னு ஒத்தை வரி போடறவங்களுக்கு மட்டும் புளியங்கொட்டை பார்சல் அனுப்பப்படும்.